தடுப்பணைக்கு மேலே முதலை வருமா? பிறை ஆற்றில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணிக் குழப்பம்

பிறை_தூண்டில்:

வணக்கம். பினாங்கு பெருநிலத்துப் பிறை ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களுக்குள் ஒரு வாக்குவாதம், முடிவுக்கு வரவே மாட்டேங்குது. விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் யாராவது தீர்த்து வையுங்கள்.

ஒரு கட்சி சொல்றது: நம்ம பக்கத்து முதலைக்குப் பேரே உப்புத் தண்ணி முதலை. அம்பாங் ஜாஜார் தடுப்பணை கட்டினதே கடல் தண்ணி மேலே ஏறக்கூடாது என்றுதான். ஆகவே அணைக்கு மேலே, கூலிம் ஆறும் ஜாராக் ஆறும் சேர்ந்து வருகிற பக்கமெல்லாம் நல்ல தண்ணி. அங்கே இடுப்பளவு இறங்கி நின்றாலும் ஒன்றும் ஆகாது.

எதிர்க் கட்சி சொல்றது: முதலை ஆற்று ஜந்து, அலையடிக்கிற கடலில் நிற்காது. தீவின் கடற்கரையில் பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் 'முதலை' என்று கைப்பேசியில் சுற்றுகிற படமெல்லாம் உடும்பு, இல்லாவிட்டால் மரக்கட்டை.

எது சரி? ஒரு கரையைப் பார்த்தவுடனே இங்கே தங்கும், இங்கே தங்காது என்று கணிக்க அடையாளம் ஏதும் உண்டா? நண்டுக்கு பூபு (கூண்டுப் பொறி) வைக்கிறவர்களும் கேட்கிறார்கள். நீப்பா (ஆற்றோரச் சேற்றுப் பனை) ஓரத்தில் கையை விட்டு வேலை செய்கிறவர்கள் அவர்கள்தான்.

---

கண்டல்காடு:

இரண்டு கட்சியுமே தப்பு. முதல் கட்சியின் தப்பு உயிருக்கே உலை வைக்கும், அதனால் அதை முதலில் பார்ப்போம்.

குழப்பத்துக்கு வேர் பெயரில் இருக்கிறது. 'உப்புத் தண்ணி முதலை' வெள்ளைக்காரன் வைத்த பெயரின் மொழிபெயர்ப்பு. மலாய்க்காரர்கள் செம்பு நிறத்தை வைத்து 'புவாயா தெம்பாகா' என்பார்கள், இடத்தை வைத்து 'புவாயா மூவாரா' என்பார்கள். மூவாரா என்றால் கழிமுகம். மூன்றிலும் இதுதான் உண்மைக்குக் கிட்ட வருகிற பெயர். தமிழ்நாட்டில் இதையே செம்மூக்கு முதலை என்று எழுதுகிறார்கள்.

இதன் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல் நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நம் இரத்தக் கணக்கும் அதேதான். கடல் நீரைக் குடித்தே காலம் தள்ள அதனாலும் முடியாது, ஏனென்றால் இரத்தத்தைவிட உப்பு கூடிய சிறுநீரைப் பிரிக்க அதன் சிறுநீரகத்துக்குச் சக்தி இல்லை. பிறகு எப்படிக் கடலில் கிடக்கிறது என்றால், நாக்கால். 1981ல் டாப்ளின், கிரிக் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் கண்டு எழுதினார்கள். நாக்கின் மேல்பரப்பில் 28 முதல் 40 வரை உப்புச் சுரப்பிகள். ஒவ்வொன்றும் தனித் துளையாகத் திறக்கும். உடம்பில் மிஞ்சிய உப்பு அந்தத் துளைகள் வழியாக அடர்ந்த துளிகளாகக் கசிந்து வெளியேறும். அமெரிக்க அலிகேட்டருக்கு இந்த வசதி கிடையாது. அதனால் அது உப்பு நீரில் நெடுநாள் தங்குவதில்லை.

ஆக, நம்ம முதலை உப்பைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் தேடிப் போகாது. நல்ல தண்ணி கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம்தான். வட ஆஸ்திரேலியாவில் கடலிலிருந்து 100 கி.மீ.க்கு மேல் உள்ளே, சொட்டு உப்பில்லாத ஆற்றிலும் சதுப்பிலும் இதே இனம் வாழ்கிறது.

தடுப்பணை விஷயத்துக்கு வருவோம். அது உப்பைத் தடுக்கக் கட்டியது. வெள்ளம் வந்தால் கதவைத் திறந்துதான் ஆகவேண்டும். கதவு மூடியிருந்தாலும் இரவில் கரையேறி, சுற்றி நடந்து, மறுபக்கம் இறங்க முதலைக்கு ஒரு தடையும் இல்லை. இறங்கிய பிறகு அங்கே என்ன இருக்கிறது? தேங்கிய தண்ணீர், நீரோட்டம் குறைவு, மட்டம் அதிகம் ஏறி இறங்காது, கரையில் புல்லும் புதரும் அடர்ந்திருக்கும். இதைவிட வசதியான வீட்டை யார் கட்டிக் கொடுப்பார்கள்?

குட்டிகளுக்கு நல்ல தண்ணி இன்னும் முக்கியம். முட்டையிலிருந்து வரும்போது 30 செ.மீ. நீளம்கூட இருக்காது. உடம்பு சிறிதாக இருக்க இருக்க, எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், உப்பின் தாக்கமும் அதிகம். அதனால் குட்டிகள் ஆற்றின் உள்பக்கத்துச் சின்ன ஓடைகளில் வளரும். ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆனதும் பெரிய ஆண் அதை அங்கிருந்து விரட்டும். கடற்கரையில் தலைகாட்டுவது பெரும்பாலும் இப்படி இடம் தேடி அலையும் இளவட்டம்தான். எதிர்க் கட்சிக்கும் இதிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது.

---

ஓதக்கணக்கு:

கண்டல்காடு விட்ட மறுபாதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடலில் அது குடியிருப்பதில்லை, கடலை ரோடாகப் பயன்படுத்துகிறது. 2010ல் ஆஸ்திரேலியாவின் கென்னடி ஆற்றில் 27 முதலைகளுக்குக் கருவி பொருத்தி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நீண்ட பயணம் கிளம்பியவை எல்லாம் நீரோட்டம் தங்களுக்குச் சாதகமாகத் திரும்பிய ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பின. எதிராகத் திரும்பியதும் கரையேறியோ அடியில் படுத்தோ காத்திருந்தன. அதே ஆய்வில் ஒரு முதலை 25 நாளில் 590 கி.மீ. கடல்வழி போயிருக்கிறது. பெரிய நீச்சல்காரன் என்று நினைக்கவேண்டாம், சவாரி போகத் தெரிந்தவன்.

இதைப் பினாங்குக்குப் பொருத்திப் பாருங்கள். நம்ம நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் இரண்டு மீட்டர் அளவுக்குப் போகும். மூடா, பிறை, ஜூரு, கிரியான் எல்லாமே பெருநிலத்துப் பக்கம் வரிசையாக விழும் ஆறுகள். ஒரு வாயில் வெளியே வந்து அடுத்த வாயில் நுழைய ஓட்டமே பாதி வேலையைச் செய்துவிடும். தீவின் வடகரை மணலில் ஒன்று கிடந்தால், இளைப்பாறக் கிடக்கிறது என்று வையுங்கள். குடித்தனம் போட இல்லை. ஆனால் இளைப்பாறுகிற முதலைக்கும் பல் இருக்கிறது.

தூண்டில்காரர்களுக்கு வேண்டிய கணக்கு இது. வற்றத்தில் சேறு வெளியே தெரியும், முதலையும் கண்ணுக்குத் தெரியும். ஏற்றம் முழுமையானதும் தண்ணீர் நீப்பா அடிமட்டை வரைக்கும் வந்து நிற்கும், முதலை அந்த நிழலுக்குள் வந்துவிடும். கரையில் நிற்பவர் 'தண்ணி காலடிக்கே வந்துட்டு, வசதியாப் போச்சு' என்று நினைக்கும் நேரமும் அதுதான்.

இன்னொன்று, செம்பனைத் தோட்டத்துப் பாரிட் (வடிகால்) ஆற்றில் விழுகிற மதகு. வற்றத்தில் கதவு தானே திறந்து உள்தண்ணீர் வெளியே கொட்டும்போது சின்ன மீனும் இறாலும் சேர்ந்து வரும். அதைத் தின்ன கொடுவா வரும், கொடுவாவுக்காக நீங்கள் வருவீர்கள். அதே கணக்கைப் போட்டு வருகிற மூன்றாவது ஆளையும் எண்ணிக்கொள்ளுங்கள். மதகு வாய்க்கு நேர் கீழே நிற்காமல் மேலே மதகுச் சுவர் மீது நின்று போடுவது நல்லது.

உப்பை அளக்கும் ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை. சிறிய உப்புமானி கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து 'ஆயிரத்துக்கு 5தான், நல்ல தண்ணி' என்று முடிவு கட்டுவார்கள். அது மேல்தண்ணி. நல்ல தண்ணி லேசு, மேலே மிதக்கும். உப்புத் தண்ணி கனம், அடியில் ஆப்பு மாதிரி ஆற்றுக்குள் ஏறிக் கிடக்கும். போத்தலில் கயிறும் ஈயக்குண்டும் கட்டி அடியிலிருந்து எடுத்து அளந்தால் எண் பல மடங்காக வரலாம். பந்தாய் கெராசுட் ஏரியில் பருவத்துக்குப் பருவம் இப்படி இரண்டு அடுக்குத் தண்ணீர் நிற்பது தேசியப் பூங்காவுக்கு நடந்துபோகும் எல்லாருக்கும் தெரியும். முதலை இந்த இரண்டு அடுக்கையும் ஒரே நாளில் பார்க்கிற விலங்கு, உங்கள் சொட்டை வைத்து அதற்கு எல்லை போட முடியாது.

---

கண்டல்காடு:

கரை அடையாளம் கேட்டிருந்தீர்கள், அதை விட்டுவிட்டேன்.

முதலில் கரையின் சரிவைப் பாருங்கள். கான்கிரீட் சுவர் நிமிர்ந்து நிற்கிற கரையில் அது ஏறிக் காய முடியாது. சேறு சாய்ந்து இறங்கி, பக்கத்திலேயே தண்ணீர் ஆழமாகிற இடம்தான் பிடிக்கும், ஆபத்து என்றால் ஒரே சறுக்கலில் மறையலாம். உடம்புச் சூட்டை 30 பாகை செல்சியஸை ஒட்டி வைத்துக்கொள்ள வெயிலுக்கு ஏறும், நிழலுக்கு இறங்கும். ஆகவே வெயில் விழும் கரையும் நிழல் தொங்கும் கரையும் கிட்டக்கிட்ட இருக்கவேண்டும். ஆற்று வளைவின் உள்பக்கம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது சறுக்குத் தடம். வற்றத்தில் சேற்றைக் கவனியுங்கள். கொத்தனார் பூச்சுக் கரண்டியால் இழுத்துவிட்ட மாதிரி வழவழப்பான பட்டை ஒன்று தண்ணீருக்குள் இறங்கும், இரண்டு பக்கமும் கால் அடி பதிந்திருக்கும். முன்காலில் ஐந்து விரல், பின்காலில் நான்கு, பின்காலில் விரலிடைத் தோலும் உண்டு. உடும்புக்கு நான்கு காலிலும் ஐந்து விரல், நகம் நீளமாகக் கீறியிருக்கும், நடுவில் வால் மெல்லிய நெளிகோடாக ஓடும், வயிறு இழுபட்ட அகலப் பட்டை இருக்காது. அடுத்த ஏற்றம் எல்லாவற்றையும் அழித்துவிடும், எனவே கண்ணில் படுகிற தடம் சில மணி நேரத்துக்கு உள்ளானது.

கூடு கட்டும் இடம் வேறு. அலையாத்திக் காட்டில் தினம் ஓதம் ஏறுகிற இடத்தில் முட்டை பிழைக்காது, மூழ்கினால் கரு மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவே பெண் முதலை உள்பக்கத்து நல்ல தண்ணிச் சதுப்பின் ஓரத்தில் புல், சருகு, சேறு எல்லாவற்றையும் கூட்டி முழங்காலுக்கு மேல் உயரமாக மேடு கட்டும். 40 முதல் 60 முட்டை, பொரிய 80 முதல் 90 நாள். மட்கும் இலைதான் சூடு கொடுக்கிறது. 32 பாகையை ஒட்டினால் ஆண் குட்டிகள் அதிகம், அதிலிருந்து மேலே போனாலும் கீழே போனாலும் பெண். தாய் அருகிலேயே படுத்திருக்கும். புதருக்குள் யாரோ வெட்டிக் குவித்த குப்பை மாதிரி ஒரு மேடும் அதன் பக்கத்தில் சின்னச் சேற்றுக் குட்டையும் சேர்ந்து தெரிந்தால், வந்த வழியே திரும்புங்கள், குனிந்து பார்க்க நிற்கவேண்டாம்.

---

பத்துமலை_வாசி:

நான் கோலாலம்பூர் பக்கம். இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இங்கே வட சிலாங்கூர் கரிமண் சதுப்புக் காட்டுக் கால்வாய்களில் 'ஜூலோங்-ஜூலோங்' என்ற முதலை இருக்கும் என்கிறார்கள். அதுவும் இதே கதைதானா? அந்தத் தண்ணீர் தேத்தண்ணி மாதிரி கறுப்பாக இருக்கிறதே, அதில் மீனே பிழைக்குமா?

---

கண்டல்காடு:

அது வேறு இனம், வேறு வீடு. புவாயா ஜூலோங்-ஜூலோங், ஒல்லியாக நீண்ட மூக்கு. ஜூலோங்-ஜூலோங் என்பதே ஊசிமூக்கு மீனின் பெயர். பாகாங்கில் தாசேக் பெரா இதன் பேர்போன இடம், 1994ல் மலேசியாவின் முதல் ராம்சார் (உலக ஈரநில ஒப்பந்த) ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது அதுதான். வட சிலாங்கூர் கரிமண் காட்டிலும் இது இருப்பதாகப் பதிவு உண்டு.

கறுப்பு நிறம் அழுக்கு இல்லை. மட்காத இலையும் வேரும் மீட்டர் கணக்கில் குவிந்த மண்ணிலிருந்து ஊறி வருகிற சாயம். பி.எச். அளவு 3 முதல் 4 வரை, கிட்டத்தட்ட புளித்தண்ணி. பிராணவாயுவும் குறைவு. ஆனாலும் மேலே வந்து காற்றைக் குடிக்கும் விரால் வகை, கெளுத்தி வகை எல்லாம் அங்கே நன்றாகவே இருக்கின்றன. முதலை நுரையீரலால் மூச்சு விடுகிறது, தண்ணீரில் பிராணவாயு இல்லாதது அதற்குக் கவலையே இல்லை.

அதன் கவலை கால்வாய். கரிமண் பஞ்சு மாதிரி, தண்ணீரில் ஊறிக் கிடக்கும்வரைதான் உயிர். வடிகால் வெட்டினால் தண்ணீர் மட்டம் இறங்கும், மண் சுருங்கித் தாழும், காய்ந்த மேற்பகுதி தீப்பிடித்தால் அடியில் புகைந்துகொண்டே போகும். ஜூலோங் கூடு கட்டுவது மரத்தடியில் அந்தக் கரிமண் மேட்டின் மேலேதான். தீ வந்தால் கூடு போச்சு. தீ வராமல் மேடு தாழ்ந்தாலும் அடுத்த மழையில் கூடு முழுகிப் போச்சு. வெட்டிய கால்வாயை மரத்தடுப்பு போட்டு மறித்து மட்டத்தைத் திரும்ப உயர்த்துவதுதான் இதற்கு வைத்தியம்.

---

இராவிளக்கு:

உடும்பா முதலையா என்ற சண்டைக்கு என் பங்கு.

பகலில், நீந்தும்போது: உடும்பு தலையை நீட்டி, கழுத்தோடு வெளியே வைத்து, உடம்பையே நெளித்துப் போகும், நாக்கை விட்டுவிட்டு இழுக்கும். முதலைக்குக் கழுத்துத் தெரியாது. மூக்கு ஒரு மேடு, கொஞ்சம் இடைவெளி விட்டுக் கண் ஒரு மேடு, அவ்வளவுதான். அசைவும் இருக்காது. கரையில் ஒரு குச்சியை அடையாளம் வைத்து ஐந்து நிமிஷம் பாருங்கள். மரக்கட்டை ஓட்டத்தோடு போகும், ஓட்டத்துக்கு எதிராக ஒரே இடத்தில் நிற்கிற 'மரக்கட்டை' மரக்கட்டை இல்லை.

இரவில் டார்ச் லைட். நிலா இல்லாத இரவு, வற்றம் முடிகிற நேரம். பலர் டார்ச்சை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு 'ஒன்றும் இல்லை' என்று வந்துவிடுகிறார்கள். முதலைக் கண்ணின் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது, அது ஒளியை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். அதனால் டார்ச் உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டில் ஒட்டியபடி இருக்கவேண்டும். சிகரெட் நெருப்பு மாதிரி ஆரஞ்சுச் சிவப்பாக மின்னும். பக்கவாட்டில் திரும்பியிருந்தால் ஒரு கண்தான் தெரியும், அதைச் சிலந்தி என்று விட்டுவிடவேண்டாம். சிலந்தியின் மின்னல் ஊசிமுனை அளவு, பச்சையோ வெள்ளையோ கலந்து இருக்கும். உடும்பு இரவில் தூங்கிவிடும், ஆகவே இரவு ஆற்று நடுவே சிவப்பாக மின்னினால் உடும்பைக் குற்றம் சொல்ல முடியாது.

நீளம் கணிக்க, தலை நீளத்தை ஏழால் பெருக்குங்கள். தலை 40 செ.மீ. என்றால் ஆள் 2.8 மீட்டர். பயத்தில் பார்க்கிற கண் எதையும் இரட்டிப்பாக்கும், அதனால் பக்கத்தில் இருக்கும் நீப்பா மட்டையையோ படகுத் துடுப்பையோ அளவுகோலாக வைத்துப் படம் எடுங்கள். நேரம், ஏற்றமா வற்றமா, கைப்பேசி காட்டும் இடக்குறி, எல்லாவற்றையும் சேர்த்து பெர்ஹிலித்தானுக்கு (வனவிலங்குத் துறைக்கு) சொன்னால் அவர்களுக்கு வேலை ஆகும். 'பெரிசா ஒண்ணு பார்த்தேன்' என்பதில் ஒன்றும் ஆகாது. கண்ணி வைப்பதும் கோழியைக் கட்டித் தொங்கவிடுவதும் வேண்டாம். 2010 வனவிலங்குச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. தீனி போட்டால் மனிதன் வரும் இடத்தையும் சோற்றையும் அது முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

'பிடித்துத் தூரத்தில் விட்டுவிடலாமே' என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் கேப் யார்க்கில் மூன்று பெரிய ஆண் முதலைகளைப் பிடித்துத் தூரத்தில் விட்டு, கருவி வைத்துப் பார்த்தார்கள். மூன்றும் வீடு திரும்பிவிட்டன.

---

பிறை_தூண்டில்:

இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. தடுப்பணைக் கட்சி வாயை மூடிக்கொண்டது. கடைசியாக இரண்டு சந்தேகம். கரையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கணும்? தண்ணி எவ்வளவு ஆழம் குறைந்தால் கவலை இல்லை?

---

ஓதக்கணக்கு:

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநில அரசு சொல்லும் கணக்கு: விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர். கூடாரம் போட்டால் 50 மீட்டர் தள்ளி, உச்ச ஏற்ற மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே. நீப்பா கரையில் 5 மீட்டர் பின்வாங்க இடம் இருக்காது, அங்கே ஜெட்டி மேலேயோ மதகு மேலேயோ ஏறிக்கொள்ளுங்கள்.

ஆழக் குறைவை நம்பாதீர்கள். இரண்டு மீட்டர் முதலை முழுசாக மறைய முழங்கால் அளவு கலங்கல் தண்ணி தாராளம். அதன் உடம்பு தட்டை, மனிதன் நினைப்பது போல் உயரம் கிடையாது. பத்துப் பதினைந்து நிமிஷம் மூச்சுப் பிடித்து அடியில் கிடப்பது அதற்குச் சாதாரணம், இதயத் துடிப்பைக் குறைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேலும் தாக்குப் பிடிக்கும். ஆகவே 'பத்து நிமிஷம் பார்த்தேன், ஒன்றும் எழும்பவில்லை' என்பது கணக்கில் சேராது.

பிடித்த மீனை வலைப் பையில் போட்டுத் தண்ணீரில் தொங்கவிடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். செம்மூக்கு முதலையின் தாடையில் மட்டுமில்லை, உடம்பு முழுக்கச் செதில்களில் ஊசித் தலை அளவு புள்ளிகள் உண்டு. தண்ணீரின் சின்ன அதிர்வைக்கூட அவை உணரும். பையில் துடிக்கிற மீன் விடாமல் மணி அடிக்கிற மாதிரி. ஐஸ் பெட்டியில் போடுங்கள். மீன் கழுவிக் குடலை அதே ஜெட்டியில் வீசுவதும் வேண்டாம், நெகிழிப் பையில் கட்டி வீட்டுக் குப்பையில் சேருங்கள். வாரா வாரம் ஒரே கல், ஒரே நேரம் என்று நிற்காமல் இடத்தை மாற்றுங்கள், நம் வழக்கத்தை அது கவனித்து வைக்கும்.

பூபு வைக்கிறவர்களுக்கு: கயிற்றை நீப்பா அடியில் கட்டாமல் நீளமான கழியின் உச்சியில் கட்டுங்கள். சம்பானில் (சிறு படகில்) இருந்து கையைத் தண்ணீருக்குள் விடாமல் இரும்புக் கொக்கி வைத்த இரண்டு மீட்டர் கம்பால் கயிற்றை மேலே தூக்கி, பிறகு பிடித்து இழுங்கள். பூபுக்குள் இரையாகக் கோழிக்குடல் வைப்பதைவிடச் சின்ன மீன் துண்டு வையுங்கள், குடல் வாடை நீரில் வெகுதூரம் போகும். வற்றத்தில், வெளிச்சத்தில், இரண்டு பேராக. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் பூபுவைப் பார்க்கவேண்டாம், கரையைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.